புறங்கை

என் உடம்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால், கை என்று சட்டென்று சொல்லிவிடுவேன். அதிலும் புறங்கை. இந்தப் பதில் என்னிடம் வந்து சேர முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

என் கைகள் பெரியவை. விரல்கள் நீளம், முட்டிகள் தடிமன். முட்டியைத் தாண்டுகிற அளவில் மோதிரம் எடுத்தால் உள்ளே போனதும் லொடலொடவென்று சுற்றும். விரலுக்குச் சரியான அளவில் எடுத்தால் முட்டியிலேயே நின்றுவிடும். புறங்கை முழுக்கப் பச்சை நரம்பு. சுண்டுவிரல் பக்கத்திலிருந்து கிளம்புகிற ஒன்று, ஆள்காட்டி விரல் பக்கத்திலிருந்து வருகிற இன்னொன்றோடு நடுவில் சேர்ந்து, மணிக்கட்டைப் பார்க்க வளைந்து போகும்.

"இது என்னடி, ஆம்பளக் கை மாதிரி" என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்னாள். "ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா, நரம்பெல்லாம் தெரியுதே" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். போட்டோ எடுக்கும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். அப்பா மட்டும் என் கையைத் தன் கையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "அப்படியே என் கை உனக்கு வந்திருக்கும்மா" என்று பெருமைப்படுவார். எனக்கு அழுகைதான் வரும்.

"எல்லாரும் அவங்கவங்க விதத்துல அழகுதான்" என்று தோழிகள் ஆறுதல் சொன்னதுண்டு. அன்பாகச் சொன்னதுதான். ஆனாலும் அதைக் கேட்டு என் கையை ஒரு நாளும் எனக்குப் பிடித்ததில்லை. பிடிக்க ஆரம்பித்தது ஒரு காய்ச்சலில்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா. அவருக்கு நரம்பு கிடைக்காமல் இந்தக் கை, அந்தக் கை என்று மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அடுத்து என்னிடம் வந்த நர்ஸ் புறங்கையைத் திருப்பிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இப்படி நரம்பு இருந்தா கண்ண மூடிக்கிட்டே போடலாம் மேடம்" என்றார். ஒரே குத்து. வலி வந்ததா என்று நினைப்பதற்குள் பிளாஸ்திரி ஒட்டியாகிவிட்டது. அழகு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையை ஒருவர் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நான் நேரில் பார்த்தேன். அப்பாவைத் தவிர வேறு யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அன்று சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கி முடிகிறவரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். புறங்கைத் தோல் இயல்பிலேயே மெல்லியது, அதற்கடியில் கொழுப்பும் குறைவு. அதனால்தான் ரத்தக்குழாய்கள் வெளியே தெரிகின்றன. கையைத் தொங்கவிட்டால் அவை புடைக்கும். தலைக்கு மேலே தூக்கினால் ரத்தம் இதயத்தை நோக்கி வடிந்து, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். இதைச் செய்து பார்க்காதவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம்.

இன்னொன்று இதைவிட அற்புதம். கையைத் தொங்கவிட்டு, நரம்பு நன்றாகப் புடைத்ததும், விரல்களுக்குப் பக்கத்தில் அதன் மேல் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு விரலால் அங்கிருந்து மணிக்கட்டுப் பக்கமாக ரத்தத்தை வழித்துத் தள்ளிவிட்டு, வழித்த விரலை மட்டும் எடுத்துவிட வேண்டும். வழித்த இடத்தில் ஒரு துண்டு வெறுமையாகவே கிடக்கும். மேலேயிருந்து ரத்தம் திரும்பி இறங்காது. உள்ளே இருக்கும் வால்வு தடுத்துவிடும். அழுத்திய விரலை எடுத்த அடுத்த கணம், கீழேயிருந்து ரத்தம் ஏறி நரம்பு மறுபடி எழும். 1628-ல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் ரத்த ஓட்டத்தைப் பற்றி வெளியிட்ட நூலில் முன்கையை வைத்து இந்தச் சோதனையைத்தான் படமாகப் போட்டுக் காட்டினார். ஒளித்து ஒளித்து வைத்த என் நரம்பில், எந்தக் கருவியும் இல்லாமல் அதை நான் பார்க்க முடிகிறது. முதல் தடவை அது நடந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

விரல்களின் கதை வேறு. விரலை மடக்கி நீட்டுகிற தசை எதுவும் விரலுக்குள் இல்லை. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கிற தசைகள்தான், பொம்மலாட்டக் கயிறு மாதிரியான நாண்களால் விரல்களை இழுத்து ஆட்டுகின்றன. டைப் அடிக்கும்போது புறங்கையில் அந்த நாண்கள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்குவது எனக்கு அப்படியே தெரியும். சதைப்பற்றுள்ள கையில் இதெல்லாம் உள்ளேயே நடந்து முடிந்துவிடும். என் கையில் நடப்பதெல்லாம் மேலேயே தெரிகிறது. இதைக் குறை என்று நினைக்க இனி என்னால் முடியாது.

வயதாக ஆக இந்த நரம்புகள் இன்னும் எழும்பும். அவற்றை மறைக்கப் புறங்கையில் ஊசி போட்டுக்கொள்கிற சிகிச்சைகூட இருக்கிறது. போட்டுக்கொள்கிறவர்களிடம் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

அப்பாவிடம் ஹார்வியின் சோதனையைச் செய்து காட்டினேன். அவருக்கு இப்போது தோல் இன்னும் மெலிந்து, நரம்பெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரிகிறது. என்னைவிட அவர் கையில்தான் அது துல்லியமாக வந்தது. "இன்னொரு தடவை காட்டும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு பேர் கையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்த இரண்டு நரம்பும் சேருகிற இடம் அவருக்குக் கொஞ்சம் மேலே, எனக்குக் கொஞ்சம் கீழே. முட்டிகள் அச்சு அசல்.

சமீபமாகப் படம் வரையப் பழகுகிறேன். மாடலாக என் இடது கை எப்போதும் கூடவே இருக்கிறது. வரைய ஆரம்பித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன்: ஒரே விரல், புறங்கைப் பக்கம் பார்த்தால் நீளமாகவும் உள்ளங்கைப் பக்கம் பார்த்தால் குட்டையாகவும் இருக்கிறது. விரல் தொடங்கும் முட்டி பின்னால் எங்கோ இருக்கிறது. உள்ளங்கைப் பக்கம் விரலிடைச் சதை அதன் அடிப்பகுதியை மூடிவிடுகிறது. முட்டி தடிமனாக இருப்பதால் பென்சிலுக்கும் நல்ல வேலை. மேலே வெளிச்சம், பக்கவாட்டில் நிழல், நடுவில் சுருங்கிய தோலின் வரிகள். ஒரு முட்டிக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இப்போது வலது கையையும் வரைய ஆசை வந்திருக்கிறது. அதற்காக இடது கையில் பென்சில் பிடித்துப் பழகுகிறேன். கோடு இன்னும் நடுங்குகிறது. முட்டிகள் மட்டும் வரவேண்டிய இடத்தில் வர ஆரம்பித்துவிட்டன.