தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால்

ஆடிக் கூழ் ஊற்றி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்கோயில் கமிட்டி கூடியது. 2025ஆம் வருடம், அக்டோபர் 20ஆம் தேதி தீபாவளி. அதற்குள் பணம் சேர்த்து, கஷ்டப்படுகிற 60 வீடுகளுக்கு மளிகை ஹேம்பர், அதாவது ஒரு மூட்டைச் சாமான், கொடுப்பது என்று முடிவானது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இது புதிதில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் கோயில், சர்ச், பள்ளிக்கூடம், தெருக்குழு என்று ஆளுக்கொரு பக்கம் பிரியாணி விற்பார்கள், ஹேம்பர் கட்டுவார்கள். எனக்குத்தான் புதிது. வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழ்கிற சாட்ஸ்வொர்த்துக்கு வந்து 11 வருடம் ஆகிறது. இத்தனை நாள் வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும் போயிருக்கிறேனே தவிர, முழுப் பொறுப்பும் என் கையில் வந்தது அதுதான் முதல் தடவை. இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பரிசுச் சீட்டு விற்கலாம் என்று பேசினோம். ஒரு டிவி வாங்கி வைத்து, பத்து ரேண்டுக்குச் சீட்டு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் 1997 லாட்டரிச் சட்டப்படி, தர்ம காரியத்துக்கே ஆனாலும் ஒரு சங்கம் பொதுமக்களுக்குப் பரிசுச் சீட்டு விற்க வேண்டுமானால் தேசிய லாட்டரி ஆணையத்தில் பதிய வேண்டும். எங்களுக்கு அதற்கு நேரமில்லை, விட்டுவிட்டோம். இன்னொரு விஷயத்திலும் முன்பே தெளிவாக இருப்பது நல்லது. சமூக மேம்பாட்டுத் துறையில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிந்து எண் வாங்கியிருப்பது வேறு, நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை கிடைக்கிற 18ஏ ரசீது கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு வருமான வரித்துறையின் ஒப்புதல் தனியாக வேண்டும். எங்களிடம் முதலாவது மட்டும்தான் இருந்தது. ஒரு பெரிய கடைக்காரர் 18ஏ ரசீது கேட்டார், இல்லை என்றதும் பணமாகத் தர முடியாது என்றார். ஆனாலும் மொத்த விலைக்குச் சாமான் தருகிறேன் என்று சொன்னார். அதுவே எங்களுக்குப் பெரிய உதவியாக முடிந்தது.

சரி, பிரியாணியே போடுவோம் என்று தீர்மானித்தோம். நாள், செப்டம்பர் 24. பாரம்பரிய தினம், நாடு முழுக்க விடுமுறை. ஊரெல்லாம் கறி சுடுகிற நாள் அது. எங்களுக்கோ புரட்டாசி பிறந்து ஒரு வாரம். இங்குள்ள தமிழர்கள் புரட்டாசியை அப்படி மதிப்பார்கள். வருடம் முழுக்க ஆட்டுக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாத வீட்டில்கூட அந்த மாதம் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துத் தனியாக வைத்துவிடுவார்கள். கோழி பிரியாணி என்றால் இரண்டு மடங்கு விற்கும் என்று கமிட்டிப் பையன்கள் சிலர் சொன்னது உண்மைதான். ஆனாலும் கோயில் அடுப்பில் புரட்டாசியில் கோழி ஏறாது. காய்கறி பிரியாணி, ஒரு பொட்டலம் 60 ரேண்ட், 400 பொட்டலம் என்று முடிவு செய்தோம். எண் போட்ட சீட்டுகளை முன்கூட்டியே விற்று, அன்றைக்குச் சீட்டைக் கொடுத்துப் பொட்டலம் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

அதற்கு முன்னால் ஹேம்பர் எந்தெந்த வீட்டுக்கு என்று பட்டியல் எடுக்க வேண்டியிருந்தது. இங்கேதான் நான் பெரிய தப்பு செய்யப் பார்த்தேன்.

நியாயமாக நடக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். பெயர், அடையாள எண், வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம், அரசு உதவித்தொகை வாங்குகிறார்களா, கீழே கையெழுத்து. வேலையில்லாதவர்களுக்கு 2025இல் மாதம் 370 ரேண்ட் தந்தது அரசு. அது மட்டுமே வருமானமாக உள்ள வீட்டையும், முதியோர் உதவித்தொகை வருகிற வீட்டையும் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் கணக்கு. படிவத்தை எடுத்துக்கொண்டு முதலில் போனது மாநகராட்சிக் குடியிருப்பில் இருக்கிற ஓர் ஆயா வீட்டுக்கு. பாட்டியை இங்கே ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பதைத் தாண்டியவர். முழுத் தமிழ் பேசுகிறவர்கள் அந்த வயதில்தான் மிஞ்சியிருக்கிறார்கள், அதனாலேயே அவரிடம் அடிக்கடி போய் உட்காருவேன். டர்பன் நகராட்சி வேலைக்காரர்கள் குடியிருந்த மேகசின் பராக்ஸில் பிறந்து வளர்ந்தவர். 1960களில் நிறவெறி அரசு அங்கிருந்த குடும்பங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது கைக்குழந்தையோடு வந்தாராம்.

படிவத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். மடித்து என் கையிலேயே வைத்தார்.

"எங்க ஆயா எஸ்டேட்ல ரேஷன் வாங்கின கதையைச் சொல்லும் கண்ணு. அரிசி, பருப்பு, உப்பு மீனு, எல்லாம் அளந்து போடுவானாம். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டானாம். நம்பரைத்தான் கூப்பிடுவானாம். இப்ப நீ நம்பர் கேக்கறே."

1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் கரும்பு எஸ்டேட்டுகளுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. என் கணவர் வீட்டில்கூட அவருடைய பூட்டனாரின் எண்ணைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். தினமும் பார்க்கிற எண்தான். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. மன்னித்துவிடுங்கள் ஆயா என்றேன். அவர் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"போன வருஷம் யாரோ தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி ஒரு டப்பா ஸ்வீட் கொண்டாந்து கொடுத்து போட்டோ புடிச்சாங்க. சந்தோஷம்தான். மறுநாள் காலையில பக்கத்து வீட்டுக்காரி தட்டு கொண்டாந்தா. நான் எதைப் போட்டு அனுப்புவேன்? அந்த டப்பாவையா?"

டர்பனில் தீபாவளி என்றால் தட்டுதான். பர்ஃபி, முறுக்கு, குலாப்ஜாமூன், நானாவகைப் பலகாரமும் அடுக்கி, மேலே ஒரு துணியோ பேப்பரோ போட்டு, அக்கம்பக்கத்துக்கு அனுப்புவார்கள். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடு, இந்தப் பகுதிக் கறுப்பின மக்களான ஜுலுக்களின் வீடு என்ற வித்தியாசம் கிடையாது. வந்த தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது. அனுப்ப எதுவும் இல்லாத வீடு அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கும். ஆயாவுக்கு வேண்டியிருந்தது மாவும் சர்க்கரையும் எண்ணெயும் பால் பவுடரும், அவற்றைச் சமைக்க நாலு நாளும். "முன்னாடியே கொடுத்துடு கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து படிவத்தைக் கிழித்துப் போட்டேன். கமிட்டியிடம் இரண்டு மாற்றம் கேட்டேன். அக்டோபர் 18, 19 என்று வைத்திருந்த விநியோகத்தை 11ஆம் தேதிக்கு, நாலாவது புரட்டாசிச் சனிக்கு, முன்னால் கொண்டுவர வேண்டும். ஹேம்பருக்குள் தயார் ஸ்வீட்டுக்குப் பதிலாகப் பலகாரச் சாமான் போக வேண்டும். இரண்டையும் ஒத்துக்கொண்டார்கள். டின் மீனைப் பற்றித்தான் கொஞ்சம் வாக்குவாதம். டர்பன் ஹேம்பரில் டின் மீன் இல்லாமல் இருக்காது. ஆனால் புரட்டாசி அக்டோபர் 17 வரை, தீபாவளி முடிந்து இரண்டு நாளில் கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. டின் மீன் எத்தனை வீட்டில் அலமாரியிலேயே கிடக்கும்? அதற்குப் பதில் சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரிக் காய்ந்த பயறு) ஒரு கிலோ என்று முடிந்தது.

பட்டியலை எப்படி எடுத்தோம் என்றால், தெரிந்தவர்களைக் கேட்டோம். கடனுக்குச் சாமான் கொடுக்கிற டக் ஷாப்காரருக்கு (தெருவிலுள்ள சின்னக் கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எந்த வீட்டில் பால் வாங்குவது நின்றுபோனது என்று தெரியும். ஒரு பள்ளி ஆசிரியைக்கு எந்தக் குழந்தை மதியச் சாப்பாடு கொண்டுவருவதில்லை என்று தெரியும். கோயிலில் விளக்குத் துலக்குகிற அக்காவுக்கு எல்லாமே தெரியும். தனித்தனியாக மூன்று பேரிடம் கேட்டு, இரண்டு பேராவது சொன்ன வீட்டைச் சேர்த்தோம். 60 வீட்டில் 11 ஜுலு வீடுகள், கிறிஸ்தவத் தமிழ் வீடுகளும் இருந்தன. ஜுலு வீடுகளில் முன்பே விசாரித்து, அரிசியில் ஒரு பங்கைக் குறைத்துச் சோள மாவு வைத்தோம். பெயர்கள் ஒரே ஒரு நோட்டில் இருந்தன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு காரணம்தான். அந்த நோட்டை யாரும் வாட்ஸ்ஆப்பில் படம் எடுத்துப் போட்டுவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

விற்பனை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவின் தகுதிச் சான்றிதழ் உள்ள சமையலறை என்பதால் கோயில் மண்டபத்திலேயே சமைத்தோம். திங்களன்று கிளேர்வுட் மொத்தச் சந்தையில் காய்கறி. செவ்வாய் இரவு முழுக்க வெங்காயம் பொரித்தோம். டர்பன் பிரியாணியில் தோலோடு மசூர் பருப்பை வேகவைத்து அரிசியோடு அடுக்குவார்கள். உருளைக்கிழங்கைப் பொரித்துப் போடுவார்கள், சோயா, பட்டாணி, பீன்ஸ், கேரட் எல்லாம் சேரும். பக்கத்தில் பருப்புக் குழம்பும் மோர்ப் பச்சடியும். முதல் வருடம் இதைப் பார்த்து, இதுவா பிரியாணி என்று மனதுக்குள் நினைத்தேன். இப்போது ஊருக்குப் போனால் மசூர் இல்லாத பிரியாணி எனக்கு வெறுமையாகத் தெரிகிறது.

அந்தச் செவ்வாய் இரவு சீட்டு விற்ற பணத்தைக் கணக்குப் பார்த்த பொருளாளர் அண்ணா, "3,000 ரேண்ட் கூடுதலாக இருக்கிறதே" என்றார். யாரோ பெயர் சொல்லாமல் நன்கொடை போட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் கைகூப்பினோம். வங்கி வழியாகப் பணம் அனுப்பியவர்களில் பாதிப் பேர் குறிப்பில் 'பிரியாணி' என்று மட்டும் எழுதியிருந்ததால் அதை யார் போட்டது என்று தேடவும் வழியில்லை. (பணம் அனுப்பச் சொல்லும்போதே வீட்டு எண்ணைக் குறிப்பில் போடச் சொல்லிவிடுங்கள்.)

மறுநாள், விற்பனை அன்று, பதினொரு மணிக்கு ஒருவர் 163ஆம் எண் சீட்டை நீட்டினார். 163 ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போயாயிற்று. அடுத்து 178. பிறகு 155. அப்போதுதான் புரிந்தது. 50 சீட்டு கொண்ட புத்தகம் எட்டு கேட்டிருந்தோம். அச்சகம் 151 முதல் 200 வரை இரண்டு தடவை அடித்து ஒன்பது கொடுத்திருக்கிறது. வந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகமாக எடுத்துக்கொண்டு போனார்கள், யாரும் எண்ணவில்லை. அச்சகத்தின் பிழை ஒரு பங்கு என்றால், எண்ணாமல் வாங்கிய என் பிழை ஒரு பங்கு. பணம் கொடுத்த 50 பேருக்குச் சாப்பாடு இல்லை.

விளக்குத் துலக்குகிற அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இன்னொரு அண்டா ஏத்து" என்றார். இரண்டு பையன்கள் அரிசிக்கு ஓடினார்கள், மிச்சமிருந்த மசூரும் உருளைக்கிழங்கும் மறுபடி அடுப்பேறின. ஒன்றரை மணி நேரம். காத்திருந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மண்டபத்து மூலையில் பழைய பட்டுப்புடவைகளும் பஞ்சாபி சூட்டுகளும் விற்கிற மேசை ஒன்று போட்டிருந்தோம், காலையில் ஈ ஆடவில்லை. காத்திருந்த பெண்கள் அங்கே போனார்கள். சாயங்காலம் பார்த்தால் அந்த மேசையில் மட்டும் 3,100 ரேண்ட்.

மொத்தக் கணக்கு இது. 450 சீட்டுக்கு 27,000 ரேண்ட், சமையல் செலவு 9,600, மிச்சம் 17,400. புடவை மேசை 3,100, நன்கொடை 4,500. ஆக 25,000. ஒரு ஹேம்பர் 410 ரேண்ட் வீதம் 60க்கு 24,600. கையில் நின்றது 400. கணக்கை மண்டபத்துக் கதவில் ஒட்டினோம்.

பால் பவுடர்தான் இருப்பதிலேயே விலை அதிகம். கிளிம் டப்பா இல்லாமல் இங்கே பர்ஃபி இல்லை, அதை எடுத்துவிட்டால் ஹேம்பர் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் விடவில்லை. அதற்காகத்தானே இத்தனையும். அரிசி, மாவு, சர்க்கரை, எண்ணெய், பருப்பு, சுகர் பீன்ஸ், பால் பவுடர், ஒரு சின்னப் பொட்டலம் இலாச்சி. ஏலக்காய்க்கு இங்கே அதுதான் பெயர்.

நன்கொடை கொடுத்த ஒருவர், வாங்குகிறவர்களோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தன் கடை வாடிக்கையாளர்களுக்குக் காட்டினால் அவர்களும் கொடுப்பார்கள் என்று நினைத்தார். கட்டி அடுக்கிய மேசையோடு அவரை நிற்க வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தோம். சனிக்கிழமை பெருமாள் பூஜை முடிந்து, பிரசாதப் பொட்டலத்தையும் மேலே வைத்து, இருட்டின பிறகு அவரவர் காரில் கொண்டுபோனோம். வாசலில் நின்று பேச வேண்டாம், மண்டபத்துக்கு வரச் சொல்ல வேண்டாம் என்று ஓட்டுகிறவர்களிடம் சொல்லியிருந்தேன். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது.

இங்கே தீபாவளி அரசு விடுமுறை இல்லை. திங்கட்கிழமை காலை கங்கா ஸ்நானம் முடித்து, விளக்கேற்றி, சொந்த விடுப்பு எடுத்தவர்கள் மட்டும் வீட்டில் இருந்தோம். பத்து மணிக்கு ஆயாவின் பேரன் தட்டோடு வந்தான். பர்ஃபி ஓரம் கோணலாக வெட்டியிருந்தது, இலாச்சி வாசனை. மாமியார் அதை எங்கள் தட்டில் மாற்றிவிட்டு, அவன் தட்டைக் கழுவித் துடைத்து, முறுக்கும் குலாப்ஜாமூனும் வைத்தார். "உட்காருடா, ஏதாவது சாப்பிட்டுப் போ" என்றேன்.

"முடியாது ஆன்ட்டி" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினான். ஆயா சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள். எங்கள் வீட்டைப் பேனாவால் அடித்தான். கீழே டக் ஷாப், மாடியிலிருக்கிற ஜுலு கோகோ (பாட்டி) வீடு, இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.