ஆட்டுக் கொட்டிலின் கூரையாக இருந்த படகு

ஏப்ரல் 16

புதுவருடப் பலகாரம் முடிய முதலே வேலையைத் தொடங்கிவிட்டேன். பத்து வருடமாக ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகக் கவிழ்ந்து கிடந்த அப்பாவின் படகை இன்றைக்கு இறக்கினோம். பதினான்கு அடி நீளம், ஆனால் ஐந்து பேர் போதுமாக இருந்தது. அலுமினியம் இரும்பின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆடுகளுக்கு மட்டும் கோபம். புதுத் தகரம் போட்ட கொட்டிலுக்குள் போகமாட்டோம் என்று நின்றன.

அப்பா இதை 1978இல் ஒரு அரசாங்கத் திணைக்களம் ஏலம் போட்டபோது எடுத்தார். வன்னியிலுள்ள முத்தையன்கட்டுக் குளத்தில் ஓடியது. சுக்கான் வளையம், முன்கண்ணாடி, பின்பக்கம் இரண்டு பக்கமும் மீன் செட்டை மாதிரி எழும்பிய தகடு. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கார்களுக்கு வால் செட்டை வைத்த மோகம் அந்த நாட்டுப் படகுகளையும் பிடித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து விமானம் கட்டிய தொழிற்சாலைகளுக்கு வேலை குறைய, அதே தகட்டையும், தகடுகளை ஆணியால் இறுக்கிப் பூட்டும் அதே றிவிற் முறையையும் வைத்துப் படகு கட்டத் தொடங்கினார்கள். கிறம்மன் என்ற விமானக் கம்பெனி வள்ளமே கட்டி விற்றது. சிறு வயதில் இது எனக்குத் தெரியாது. செட்டை இருந்தபடியால் ‘பாரைக்குட்டி’ என்று பெயர் வைத்திருந்தோம்.

தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் காணாமல் போனதோடு மோட்டரும் போய்விட்டது. பிறகு படகு கரையேறியதுதான்.

பழைய இரும்பு எடுக்கிறவர் மத்தியானம் வந்து நின்றார். “சேர், கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித் தாறன்” என்றார். இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20

மூன்று நாளாகச் சுரண்டல். வெளியில் ஏழு துப்பாக்கிச் சன்ன ஓட்டைகள். போரால் நாங்கள் 2008 கடைசியில் வளவை விட்டுப் போகும்போது அவை இல்லை. 2010இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு, ஜன்னல், ஓடு, கிணற்றுக் கப்பி ஒன்றும் மிச்சமில்லை. படகை மட்டும் ஒரு முறிந்த பாலைக் கிளையும் குறிஞ்சாக் கொடியும் மூடிக் காப்பாற்றி வைத்திருந்தன.

எல்லாரும் ஓட்டைகளைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். உண்மையில் அவை சுகமான வேலை. துளை சுத்தமாகப் போயிருக்கிறது, சுற்றியுள்ள தகடு நல்ல தகடு. எனக்குப் பயம் தருவது உள்பக்க அடித்தளம். அங்கே வெள்ளைத் தூளும், அம்மை வடு மாதிரிக் குழிகளும். செய்தவன் நான். ஐந்தரை இலட்சம் ரூபா இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டிய காலத்தில், சீமெந்து குழைக்கத் தொட்டி இல்லையென்று இந்தப் படகுக்குள்தான் குழைத்தோம். ஈரச் சீமெந்து கடுமையான காரம். காரம் அலுமினியத்தைத் தின்னும். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

படகின் முன்முனையான அணியத்துப் பக்கத்து மூலையில் இன்னொன்று. சேற்றுக் கட்டியை நெம்பியபோது ஒரு சன்னக் கோது வந்தது, பித்தளை, வெடித்து முடிந்த வெறும் கோது. அது கிடந்த இடத்தில் தகடு அதே நீளத்துக்கு, அதே உருவத்துக்கு அரித்து ஓட்டையாகிவிட்டது. தாக்கவீதத் தொடரில் அலுமினியம் மேலே, பித்தளையிலுள்ள செம்பு கீழே. இரண்டும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் மேலே இருப்பதுதான் கரையும். சாதாரணதரப் பரீட்சையில் வருடாவருடம் வருகிற கேள்வி.

இது எட்டாவது ஓட்டை. சன்னம் போட்டதல்ல, கோது போட்டது.

ஏப்ரல் 27

தண்ணீர்ச் சோதனை. பழைய டயர்களில் படகை நிமிர்த்தி வைத்து, எட்டு ஓட்டைக்கும் தற்காலிகமாக டயர் ரியூப் துண்டு ஒட்டி, கிணற்று மோட்டரால் உள்ளே தண்ணீர் விட்டோம். ஐந்து அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது. லீற்றருக்கு ஒரு கிலோ. தண்ணீரின் பாரத்தை வெளியிலிருந்து தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் படகு வளைந்துவிடும். சலவை நீலம் கொஞ்சம் கலந்தது மனைவியின் யோசனை. நீலத் துளி எங்கே தொங்குகிறதோ அங்கே பேரப்பிள்ளைகள் மார்க்கர் பேனையால் வட்டம் போட்டார்கள். நாற்பத்தொரு வட்டம், அத்தனையும் றிவிற்கள். பேத்தி தன் கன்னத்திலும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

மே 4

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் நாட்குறிப்பு எதற்கு?

பழைய வர்ணம் நாலு அடுக்கு. அயலில் ஒருவர், “கோஸ்ரிக் சோடா பூசுங்கோ சேர், தோல் உரியிற மாதிரி வரும்” என்றார். சொன்னபடி உரிந்தது. உரிந்த இடத்தில் தகடே கொதிக்கத் தொடங்கியது. நுரை, சூடு, கறுப்பு. பிறகுதான் மூளை வேலை செய்தது: அலுமினியமும் கோஸ்ரிக் சோடாவும் சேர்ந்தால் ஐதரசன். பக்கத்தில் பேரன் கொசுவர்த்திச் சுருளோடு நிற்கிறான்! அவனைக் கலைத்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் வினாகிரி போட்டுக் கழுவினேன். நல்லகாலம், உள்ளங்கையளவு இடம்தான். “இஞ்சேருங்கோ, ஊறுகாய்க்கு வாங்கின வினாகிரி எங்கே?” என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இனி மர உளியும் சாண்ட் பேப்பரும்தான். கம்பிப் பிரஷ்ஷும் போடக்கூடாது. இரும்புத் துகள் தகட்டில் குத்தி நின்று அதுவும் அரிக்கத் தொடங்கும்.

மே 18

வேலை இல்லை. முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்தோம். கஞ்சி குடித்தோம்.

ஜூன் 1

றிவிற் தேடி ஒரு மாதம் போய்விட்டது. கடைகளில் கிடைப்பது நடுவில் துளையுள்ள பொப் றிவிற். வீட்டுத் தகரத்துக்குச் சரி, தண்ணீருக்குச் சரிவராது, அந்தத் துளையாலேயே கசியும். முழு அலுமினிய றிவிற்தான் வேண்டும். கனடாவிலுள்ள தம்பி, “அண்ணா, இங்கே ஏரிக்கு ஏரி இந்தப் படகுதான், விட்டுத்தள்ளி ஒரு பைபர் போட் வாங்குங்கோ” என்றான். அவனுக்கு அப்பாவோடு ஓடிய ஞாபகம் குறைவு, கடைசிப் பிள்ளை.

கடைசியில் வவுனியாவில் பஸ் பொடி கட்டும் கராச் ஒன்றில் கிடைத்தது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், அங்கே நாற்பது வருடம் றிவிற் அடித்து ஓய்வு பெற்ற அண்ணை ஒருவர். படத்தைப் பார்த்ததும், “இது பஸ் இல்லையே, பிளேன் எல்லோ!” என்றார். இரண்டு நேரச் சாப்பாடும் பஸ் காசும் போதும் என்று வரச் சம்மதித்தார்.

ஜூன் 12

திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஊரே அங்கேதான். கடல் நீரில் விளக்கெரியும் கோயிலுக்குப் போகாமல் றிவிற் அடித்தால் அது உருப்படுமா என்று அண்ணையே கேட்டார். ஆகவே செவ்வாய்தான் தொடங்கினோம்.

றிவிற் அடிப்பது இரண்டு பேர் வேலை. வெளியில் தலைப்பக்கம் சுத்தியல். உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டையை றிவிற்றின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடி விழ விழ வால் கட்டையில் நசுங்கிக் காளான் மாதிரி விரியும். கட்டை துள்ளினால் வால் சரிந்துவிடும், பிறகு துளைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து. நான்தான் கட்டை. முதல் நாள் ஆறு றிவிற் பழுது. இரண்டாம் நாள் அண்ணை ஒரு நுட்பம் சொன்னார்: “கண்ணை விடுங்கோ சேர், காதைக் குடுங்கோ.” தளர்ந்த றிவிற்றில் அடி ‘தொப்’ என்று விழும். இறுகியதும் சத்தம் மாறி ‘ணங்’ என்று வரும். அந்த ணங் வந்த பிறகு ஒரு அடிகூடப் போடக்கூடாது, தகடு நெளிந்துவிடும்.

இருபத்தேழு றிவிற் பழையதையே மறுபடி அடித்து இறுக்கினோம். பதினான்கு புதிதாக மாற்றினோம். மத்தியானம் ஒடியல் கூழ். அண்ணைக்கு நண்டுக்காலைக் கண்டதும் சுத்தியல் மறந்துவிட்டது.

ஜூன் 30

எட்டு ஒட்டும் முடிந்தது. கராச்சில் மிஞ்சிய இரண்டு மில்லிமீற்றர்த் தகடு. மூலையெல்லாம் வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மூலையிலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். ஏற்கெனவே வெடித்த இரண்டு இடங்களில் வெடிப்பின் நுனியில் சின்னத் துளை போட்டோம். துளையைக் கண்டால் வெடிப்பு அதோடு நின்றுவிடும். ஒட்டுக்கும் படகுக்கும் நடுவே பொலியூரத்தேன் பசை. சிலிக்கன் போட்டால் அதன்மேல் வர்ணம் நிற்காது.

ஜூலை 15

கடையார்ப் பலகை. மோட்டர் பூட்டும் இடம். உள்ளே இருந்த பழைய மரம் விரலால் கிள்ள உதிர்ந்தது, கறையான் மிச்சம் வைத்ததை ஈரம் தின்றிருக்கிறது. கடைக்காரர் பச்சை மருந்து ஏற்றிய பலகையைத் தூக்கிக் காட்டி, இது நூறு வருடம் உளுக்காது என்றார். அந்தப் பச்சை செம்பு. கோதுக் கதையை அவருக்கு முழுவதும் சொல்லிவிட்டு, மரைன் பிளைவுட் இரண்டு தட்டை வாங்கி ஒட்டி ஒன்றரை அங்குலமாக்கினேன். விளிம்பெல்லாம் மூன்று தரம் எப்பொக்சி. ஸ்ரெயின்லெஸ் போல்ற், தகட்டைத் தொடாமல் நைலோன் வொசர். ஒவ்வொரு துளைக்குள்ளும் பசை.

ஆகஸ்ட் 3

கச்சான் காற்று. காலை ஒன்பது மணிக்கு மேல் வளவெல்லாம் புழுதி. தேய்த்த அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனேயே ஒட்சைட்டுப் படலம் வரத் தொடங்கும், ஆகவே தேய்த்த அன்றே அலுமினியத்துக்கென்று உள்ள பிரைமர் பூச வேண்டும். விடிய நாலு மணிக்கு எழும்பித் தேய்த்து, ஏழு மணிக்குள் பூசி, புழுதிக்கு முன் பழைய நுளம்பு வலையால் மூடினோம். அப்படியும் ஒரு ஆடு வந்து நக்கிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

நிறம் பற்றி வீட்டில் இரண்டு கட்சி. அப்பா வைத்திருந்த வெளிர்பச்சைதான் கடைசியில் வென்றது. பாரைக்குட்டிக்குச் செட்டை மட்டும் வெள்ளை.

ஆகஸ்ட் 21

இருக்கைகளுக்குக் கீழே இருந்த மிதவைப் பஞ்சு தண்ணீர் குடித்துக் கல்லாகிக் கிடந்தது, எறியத் தூக்கினால் இடுப்புப் பிடித்தது. அந்த இடத்துக்கு வெள்ளை நுரைப் பலகையான ரெஜிபோம் போடலாம் என்றார்கள். பெற்றோல் பட்டால் அது கரைந்து கூழாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லி ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் சேர்த்தேன். மூடி இறுக்கி எழுபத்திரண்டு போத்தல், ஏறத்தாழ நூறு கிலோவைத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கும். ஒரு பிள்ளை மிச்சச் சோடாவோடு கொண்டுவந்து, “சேர், நீங்கள் குடியுங்கோ” என்றது.

செப்டெம்பர் 7

முத்தையன்கட்டு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டுக் குளம் இறங்கிக் கிடக்கிறது, நடுவிலே பட்ட மரங்களின் முண்டுகள் தெரிகின்றன. மருமகன் முல்லைத்தீவிலிருந்து தன் மோட்டரைக் கொண்டுவந்தார். பூட்டிப் பார்த்தால் மோட்டரின் கால், அதாவது விசிறி வரை இறங்கும் பகுதி, ஐந்து அங்குலம் கூட. கடலில் ஓடும் போட்டுகளுக்கு இருபது அங்குலக் கால், எங்கள் கடையார் பதினைந்து. அந்தக் காலோடு இந்த முண்டுகளுக்குள் ஓட்டினால் விசிறி மிஞ்சாது. கழற்றி உழவு யந்திரப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு சவளோடு தள்ளினோம்.

நானும் மனைவியும் பேத்தியும். அரை மணித்தியாலம் வலித்தேன். கரையோரம் ஒரு முதலை கிடந்தது, எங்களை மதிக்கவேயில்லை. பேத்தி செட்டையைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து குனிந்து எட்டு ஒட்டையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன, கோது கிடந்த மூலையும்கூட.

“இஞ்சேருங்கோ, என்ர சீலை நனையுது” என்றார் மனைவி. நடு இருக்கைக்குக் கீழே ஒரு றிவிற். நாற்பத்தொன்றில் இல்லாதது. அவர் பெருவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொள்ள, நான் கரைக்குத் திருப்பினேன். மார்க்கர் பேனை வீட்டில். மனைவி நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டார்.

வவுனியா அண்ணைக்கு இரவே சொல்லிவிட்டேன். மழைக்கு முதல் வருவாராம். கூழ் இருக்குமா என்று கேட்டார்.