ஏஜென்ட் படிக்கும் ஆவணம்: டெஸ்க்டாப் ஆட்டோமேஷன் கருவிகளுக்கு எழுதப் பழகுபவர்களுக்கு

மனிதர் படிக்கும் கையேட்டில் "சேவ் பட்டனை அழுத்தவும்" என்று எழுதினால் போதும். அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால் படிப்பவரே கண்டுகொள்வார். ஏஜென்ட், அதாவது ஆவணத்தைப் படித்து மவுஸையும் விசைப்பலகையையும் தானே இயக்கும் ஏஐ, அப்படியல்ல. கட்டளை பிழையில்லாமல் முடிந்தால் வேலையும் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த படிக்குப் போய்விடும். அதனால் இந்தத் துறையில் முதலில் படிக்க வேண்டியது கட்டளைகளின் பட்டியலை அல்ல, எந்தக் கட்டளை எப்போது சத்தமில்லாமல் தோற்கும் என்பதைத்தான்.

பழக பைஆட்டோகூயி (PyAutoGUI) என்ற பைத்தான் நூலகம் நல்ல தொடக்கம். சின்னக் கருவி, ஒரே நாளில் முழுதும் தொட்டுப் பார்க்கலாம். அதன் ரைட் (write) கட்டளையிடம், அதாவது உரையைத் தட்டச்சு செய்யும் கட்டளையிடம், ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். விசைப்பலகையில் நேரடியாக இல்லாத எழுத்துகளை அது விட்டுவிடும், பிழையும் காட்டாது. ஆவணத்தில் எழுத வேண்டிய வரி இதுதான்: "ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்கு மட்டும். மற்ற உரையைக் கிளிப்போர்டில் வைத்து ஒட்டவும். கிளிப்போர்டில் முன்பு இருந்தது அழியும்." கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திரையில் ஒரு படத்தைத் தேடும் கட்டளையில் வேறு சிக்கல்: படம் கிடைக்காதபோது பழைய பதிப்புகள் வெற்று மதிப்பைத் தந்தன, புதியவை பிழை எழுப்புகின்றன. பதிப்பு எண் இல்லாத ஆவணத்தை நம்ப முடியாது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது ஆயத்தொலைவுகளுக்கு, அதாவது திரையில் ஓர் இடத்தைக் குறிக்கும் (x, y) எண்களுக்கு. திரை 2560×1440 என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட்டின் ஏஐ மாடலுக்கு ஸ்கிரீன்ஷாட்டை 1280×720 ஆகச் சுருக்கி அனுப்புகிறீர்கள். அது (400, 300) என்று சொன்னால் கிளிக் விழ வேண்டிய இடம் (800, 600). இந்தப் பெருக்கலைச் செய்வது கருவியா, ஏஜென்ட்டா? ஆவணம் சொல்லாவிட்டால் இரண்டுமே பெருக்கிவிடலாம். அப்போது கிளிக் (1600, 1200)இல் விழும். அதுவும் திரைக்குள்ளேயே இருப்பதால் பிழை வராது, வேறு ஏதோ ஒரு பட்டன் அழுத்தப்படும். விண்டோஸில் 150% ஸ்கேலிங் (திரையில் உள்ளவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு), மேக்கின் ரெட்டினா திரை இரண்டிலும் இதே குழப்பம் வரும். விண்டோஸுக்கான ஸ்கிரிப்ட் கருவியான ஆட்டோஹாட்கீயில் இன்னொரு பொறி: ஆயத்தொலைவுகள் இயல்பாகவே முழுத் திரையை வைத்து எண்ணப்படுவதில்லை. முதல் பதிப்பில் விண்டோவின் மூலையிலிருந்தும், இரண்டாம் பதிப்பில் தலைப்புப் பட்டையும் ஓரமும் நீங்கலான உட்பகுதியின் மூலையிலிருந்தும் எண்ணும்.

அலகையும் ஒவ்வொரு இடத்திலும் எழுதுங்கள். ஆட்டோஹாட்கீயில் ஸ்லீப் 500 என்றால் அரை வினாடி. பைத்தானில் அதே எண் 500 வினாடி, அதாவது எட்டு நிமிடத்துக்கும் மேல். நிலையான காத்திருப்பே பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. "0.5 வினாடிக்கு ஒருமுறை விண்டோ தலைப்பைப் பார், 10 வினாடிக்குள் வராவிட்டால் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடு" என்று எழுதினால் மெதுவான கணினியிலும் உடையாது.

சூழல் நிபந்தனைகள் ஆவணத்தின் தலையிலேயே இருக்கட்டும். விண்டோஸில் அட்மின் உரிமையோடு ஓடும் நிரலுக்குச் சாதாரண உரிமையில் ஓடும் ஸ்கிரிப்ட் விசை அனுப்பினால் அது போய்ச் சேராது. அனுப்பிய பக்கத்துக்குக் காரணமும் தெரியாது. லினக்ஸ் கருவியான எக்ஸ்டூடூல் (xdotool), அங்குள்ள பழைய திரை அமைப்பான எக்ஸ்11க்காக எழுதப்பட்டது, புதிய அமைப்பான வேலண்டின் விண்டோக்களில் அதை நம்ப முடியாது. மேக்கில் அக்செசிபிலிட்டி, ஸ்கிரீன் ரெக்கார்டிங் இரண்டு அனுமதிகளும் வேண்டும்.

ஒவ்வொரு கட்டளைக்கும் "நடந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது" என்ற வரி கட்டாயம். சேமிக்கும் கட்டளை என்றால் கோப்பு இருக்கிறதா, அளவு பூஜ்யமில்லையா, மாற்றிய நேரம் புதியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அழித்தல், அனுப்புதல் போன்ற திரும்பப் பெற முடியாத செயல்களுக்கு முன் பயனரிடம் கேட்கச் சொல்லும் வரியும் அங்கேயே இருக்க வேண்டும், வேறு பக்கத்தில் அல்ல. ஏஜென்ட் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே போகலாம்.

எழுதி முடித்ததும் புதிய உரையாடலில் ஆவணத்தை மட்டும் கொடுத்து ஐந்து வேலைகள் சொல்லுங்கள். தவறினால் வாயால் திருத்தாதீர்கள். எந்த வரி தவறவிட்டது என்று தேடி அந்த வரியை மாற்றுங்கள். பிறகு ஸ்கேலிங்கை 100%இலிருந்து 125%க்கு மாற்றி, அதே ஐந்து வேலைகளையும் மீண்டும் ஓட்டுங்கள்.