பார்க்கிங்கில் ஒரு மாஸ்டர்

ஜூன் 3, 2024, திங்கள்

எங்கள் ஆபீஸ் டிசைன் ஸ்டுடியோவைத் திறப்பதே பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டைப்பை. உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய பிரஷ்கள். போர்டு எழுதுகிற ஓவியர், வயது அறுபத்து மூன்று. இன்றிலிருந்து ஆறு வாரம் எங்கள் விருந்தாளிக் கலைஞர்: எங்கள் இடத்தில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்வார், நாங்கள் பணம் கொடுப்போம். போனில் 'ரெசிடென்சி' என்று சொன்னதும் "தங்கணுமாம்மா? வீட்ல கேக்கணுமே" என்றார். வியாசர்பாடியிலிருந்து தினமும் வந்துபோனால் போதும் என்ற பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

ஜன்னலோர மேசையைக் கொடுத்தோம். "என்னாம்மா எழுதணும்?" என்றார். "உங்க இஷ்டம் மாஸ்டர்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நாற்பது வருஷமாக யாராவது ஒரு துண்டுச்சீட்டில் வாசகம் கொடுத்திருக்கிறார்கள், இவர் எழுதியிருக்கிறார். இன்று சீட்டு இல்லை. சாயங்காலம் வரை பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

ஜூன் 6, வியாழன்

எனாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்த அரை மணியில் மூன்று பேருக்குத் தலைவலி. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறையில் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. தின்னர் வாசனை போக வழியே இல்லை. ஆபீஸ் டிசைன் செய்து சம்பாதிக்கிற எனக்கு இது முன்பே தோன்றாதது வெட்கக்கேடு. ஜன்னலைத் திறந்தால் ஜூன் மாத வெயில். கடைசியில் அவரே தகரம், ஸ்டூல், டப்பா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கீழே பார்க்கிங்குக்கு இறங்கிவிட்டார். விருந்தாளியை வாசலில் உட்கார வைத்த மாதிரி எனக்கு உறுத்தியது. அவருக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஆடிட்டர் போன். "இவருக்குக் கொடுக்கறது சம்பளமா, ஃபீஸா?" ஃபீஸ் என்றேன். "அப்ப பத்து சதவீதம் டிடிஎஸ், வரிப்பிடித்தம். பான் நம்பர் வாங்குங்க, இல்லன்னா இருபது பிடிக்கணும்." மாஸ்டர் வீட்டில் பான் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சம்பளமா ஃபீஸா என்பது பழைய கேள்விதான். 1966-இல் லண்டனில் பார்பரா ஸ்டீவினி தொடங்கிய ஆர்ட்டிஸ்ட் பிளேஸ்மென்ட் குரூப், கலைஞர்களைக் கம்பெனிகளுக்குள்ளும் அரசுத் துறைகளுக்குள்ளும் அனுப்பியது. பணம் கொடுப்பது நிறுவனம். ஆனால் இன்னதைச் செய்து தா என்று முன்கூட்டிக் கேட்கக் கூடாது. அதே 1966-இல் இங்கே சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அங்கே பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் ஓவியர்கள் பிழைத்தார்கள். கேட்காமல் கொடுக்கும் முதலாளி அவர்களுக்கு வாய்க்கவில்லை. நான் அந்த லண்டன் விதியைச் சுவரில் ஒட்டாத குறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் தாங்குமோ.

ஜூன் 14, வெள்ளி

இன்று எங்கள் ஜூனியர் பெண்ணும் நானும் கீழேயே மதியத்தைக் கழித்தோம். மாஸ்டர் நூலில் சாக்பீஸ் தூள் தடவி, இரு முனையையும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் சுண்டினார். தகரத்தில் நேர்கோடு. பிறகு எழுத்துகளை விரலால் எண்ணி, நடு எழுத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் சாக்பீஸில் லேசாகக் குறித்தார். ஸ்கேல் எடுக்கவே இல்லை. வலது கை நடுங்காமலிருக்க இடது கையில் ஒரு குச்சி. அதன் முனையில் துணிப்பந்து. மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் 'லை' போட்டார்.

பழைய லை. லகரத்தின் முன்னால் மேலேறிச் சுருளும் தும்பிக்கையோடு. "இது என்ன எழுத்து மாஸ்டர்?" என்று கேட்டது அந்தப் பெண்; வயது இருபத்து நாலு. 1978-இல் அரசாணை வந்து ணை, லை, ளை, னை, றா, னா முதலான பதின்மூன்று எழுத்துகள் மாறியபோது மாஸ்டர் பள்ளியை முடித்தே விட்டார். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் புது வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்றேன். "அவர் சொன்னா சரிதான்மா. அச்சுக் கோக்கறவனுக்கு மிச்சம். எனக்கு இதுல எடம் மிச்சம்" என்று அகலத்தை விரலால் அளந்து காட்டினார். உண்மைதான், அரை எழுத்து அகலம் குறைகிறது.

இந்த வடிவத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது, எழுத்துரு செய்கிறவர்தான் உள்ளே வைக்க வேண்டும். அந்தப் பெண் ராத்திரி எட்டு மணி வரை கம்ப்யூட்டரில் தும்பிக்கையை வளைத்துக்கொண்டிருந்தாள். யானைக்குத் தும்பிக்கை வருவதற்குள் பூரான் மாதிரி ஏதோ வந்தது.

ஜூன் 20, வியாழன்

என்ன எழுதுவது என்று அவரே முடிவுசெய்துவிட்டார். தான் முன்பு எழுதி, பிறகு ஃப்ளெக்ஸ் வந்து தூக்கிப்போட்ட கடைப் பலகைகளை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதுகிறார். தையல் கடை, சைக்கிள் கடை, வாடகைப் பாத்திரக் கடை. கீழே ஏழு இலக்கத் தொலைபேசி எண் உட்பட. எண் எப்படி ஞாபகமிருக்கிறது என்றேன். "தப்பா எழுதிட்டா காசு தர மாட்டான்ல" என்றார்.

தெருவே வந்து நிற்கிறது. இஸ்திரிக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்கள், மூன்றாவது மாடி மாமி. பதினோரு வருஷமாக இதே கட்டடத்தில் இருக்கிறோம். எங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

ஜூலை 2, செவ்வாய்

விதி உடைந்தது. உடைத்தது நான்தான். மீட்டிங்குக்கு வந்த ஒரு கிளையன்ட் பார்க்கிங்கில் அசந்து நின்றுவிட்டு, தன் கடைப் பெயரை இவர் கையால் எழுதித்தர முடியுமா என்று கேட்டார். பெரிய கடை, பாக்கி வேறு வரவேண்டும். மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்று வாய் தவறி, இல்லை, தெரிந்தேதான் சொல்லிவிட்டேன்.

மாஸ்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே பதில் வந்தது: "எழுதறேம்மா. ஆனா அது வேலை. சதுர அடிக்கு ரேட்டு. நீ குடுக்கறது இதுக்கு," என்று தகரத்தைக் காட்டினார், "அது அவரு குடுக்கணும். அட்வான்ஸ் பாதி." லண்டனில் கூட்டம் போட்டுப் பேசியதை மனுஷர் நாலு வரியில் முடித்துவிட்டார். கிளையன்ட் ரேட்டைக் கேட்டுவிட்டு யோசிக்கிறேன் என்றார்.

ஜூலை 12, வெள்ளி

கடைசி நாள். பத்தொன்பது பலகைகள். பான் கார்டும் கிடைத்துவிட்டது. கிளம்பும் நேரத்தில் வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்: கேட்டில் ஒரு வரி எழுத முடியுமா? பத்தே நிமிஷம். 'வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை.' மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். காசு வாங்கவில்லை. லையைப் பழசாகப் போடவா புதுசாகவா என்று மட்டும் கேட்டார். வாட்ச்மேனுக்கும் அறுபது தாண்டியாச்சு. "தும்பிக்கை வெச்சே போடுப்பா."

ஜூலை 15, திங்கள்

காலையில் கேட்டுக்கு உள்ளே ஒரு டெலிவரி பைக். வாட்ச்மேன் சத்தம் போட, பையன் போர்டை நிதானமாகப் படித்துக் காட்டினான். "அனுமதின்னு போட்டிருக்கு. அப்புறம் ஏதோ டிசைன் இருக்கு. அதான் உள்ள வந்தேன்."