சல்லடையில் நின்ற வேர்க்கடலை: கோடத் போய் வந்த கதை

முதலில் அந்த ஆட்டோக்காரரைத் திட்டி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியை எழுத வராது.

புனேயிலிருந்து நாசிக் போகும் வழியில் இருக்கிறது நாராயண்காவ். அதன் பஸ் ஸ்டாண்டிலிருந்து, நாங்கள் பார்க்கப் போன ரேடியோ தொலைநோக்கி நிற்கும் கோடத் கிராமம் அப்படி ஒன்றும் தூரமில்லை. 600 ரூபாய் கேட்டார். என் மச்சினன் அரைகுறை மராத்தியில் மல்லுக்கட்டி 450-க்கு இறக்கி, "பாத்தீங்களா மாமா" என்று மீசையை முறுக்கினான். போய் இறங்கிய இடத்தில் ஷேர் ஜீப்பிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகக் குதிக்கிறார்கள். அதே பஸ் ஸ்டாண்டிலிருந்துதான். தலைக்கு 30. மூன்று பேருக்கு 90-ல் முடிய வேண்டியதற்கு 450 அழுதிருக்கிறோம். மச்சினன் அதற்கப்புறம் மீசைப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை.

பஸ்ஸையும் சொல்லிவிடுகிறேன். நாசிக் பாட்டாவில் ஏறினோம். சாக்கன் தாண்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம். எனக்குக் கிடைத்த சீட்டில் பஞ்சு போய் கம்பி மட்டும் இருந்தது. அதிகாலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்புங்கள், அவ்வளவுதான்.

எதற்கு இந்தப் பாடு? பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். 1928-ல் அதே தேதியில்தான் கல்கத்தாவில் ராமன் விளைவு (ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறும் என்பது) கண்டுபிடிக்கப்பட்டது. ராமன் நம்ம திருச்சிக்காரர். கூடவே நின்று உழைத்த கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். அந்த நாளையொட்டி கோடத்தில் இருக்கும், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிற ராட்சத ரேடியோ தொலைநோக்கியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக் கண்காட்சியும் வைக்கிறார்கள். புனேயை ஒட்டிய சிஞ்ச்வடில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், எட்டிப் பார்த்ததில்லை. ஏழாவது படிக்கும் மகளுக்கு ஒரு நாள் லீவு போட்டேன்.

வெங்காய வயலைத் தாண்டி ஒரு வளைவு திரும்பியதும் முதல் டிஷ் தெரிந்தது. மகள் "அப்பா" என்றாள், அடுத்த வார்த்தை வரவில்லை. 45 மீட்டர் குறுக்களவு. இப்படி 30 டிஷ். 14 நடுவில் கூட்டமாக, மீதி 16 ஆங்கில ஒய் எழுத்துபோல மூன்று திசையில். ஒரு கோடியிலிருந்து மறு கோடி ஏறக்குறைய 25 கிலோமீட்டர். எல்லாம் சேர்ந்து ஒரே கண்ணாக வானத்தைப் பார்க்கின்றன. கண் என்பதைவிடக் காது என்பதுதான் சரி.

வாசலிலேயே செல்போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கோ அண்டத்தின் கோடியிலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்கிற இடத்தில் நம் போன் சிணுங்கினால் அது இடியோசை மாதிரி. அதனால் இந்தப் பதிவில் படம் கிடையாது. மன்னியுங்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தால் டிஷ் முழுக்க ஓட்டை. மெல்லிய கம்பி வலைதான். மச்சினன் சத்தமாகவே கேட்டான்: "மாமா, எல்லாம் இது வழியா ஒழுகிடாதா?" பக்கத்து ஸ்டாலில் நின்ற சின்னப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்காது, அவன் விரல் காட்டியதில் கேள்வி புரிந்துவிட்டது. எட்டாவது படிக்கிறாளாம். மேஜை மேல் அவள் வீட்டுச் சல்லடை. ஒரு பிடி மணல், ஒரு பிடி வேர்க்கடலை. இரண்டையும் கொட்டி ஆட்டினாள். மணல் கீழே, கடலை மேலே. பாதி மராத்தி, பாதி இந்தியில் சொன்னாள்: மணல்தான் காற்று, கடலைதான் ரேடியோ அலை.

எனக்குச் சட்டென்று விளங்கியது. இந்தத் தொலைநோக்கி பிடிக்கும் அலைகளின் நீளம் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை. வலைக் கண்ணோ ஒன்று, இரண்டு சென்டிமீட்டர்தான். அலையை அது முகம் பார்க்கும் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பிவிடும். காற்று மட்டும் புகுந்து போய்விடும். இவ்வளவு பெரிய தகட்டை மூடிய இரும்பில் செய்திருந்தால் புயலுக்குத் தாங்கவும் செய்யாது, காசுக்கும் கட்டுப்படியாகாது. இதைத் திட்டமிட்டவர் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். நம்ம ஊட்டியில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியை 1970-லேயே உருவாக்கியவர் அவர்தான். ஊட்டி நிற்கும் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவைத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாக அதைப் படுக்க வைத்தார். பூமி சுற்றச் சுற்ற, அதை ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தைத் தொடரலாம். ஊட்டிக்கு நாலு தடவை போய் போட்டிங் மட்டும் செய்துவிட்டு வந்தவன் நான். சரி, விடுங்கள்.

பாடம் முடிந்ததும் அந்தக் கடலையை எங்கள் கையில் கொடுத்துத் தின்னச் சொன்னாள். மணலோடுதான்.

இன்னொரு ஸ்டாலில் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். தூக்கிப் போடும் பொருளில் அறிவியல் பொம்மை செய்யும் அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தபோது உருவாக்கிய வித்தை. டியூபை விரல் நகமளவு வெட்டி இரண்டு பக்கமும் குச்சி செருகினால் மூட்டு ரெடி. மூன்றாவது குச்சி வேண்டுமா, முள்ளால் நடுவில் குத்தி நுழைக்க வேண்டும். அந்தப் பையன் நிஜக் கருவேல முள்தான் வைத்திருந்தான். மகளிடம் ஒரு சதுரம் கொடுத்தான். அழுத்தினாள், சாய்ந்து படுத்துவிட்டது. முக்கோணம் கொடுத்தான். அழுத்தினாள், அசையவில்லை. பையன் ஒன்றும் விளக்கவில்லை, தலையைத் தூக்கி மேலே காட்டினான். டிஷ்ஷைத் தாங்கும் இரும்புச் சட்டம் நெடுக முக்கோணம். முக்கால் மணி நேரம் அவள் அங்கிருந்து நகரவில்லை.

எல்லா ஸ்டாலும் இப்படி இல்லை, அதையும் சொல்லணும். வரிசையாக எரிமலை. தெர்மாகோல், சிவப்புப் பெயின்ட், சோடா உப்பு, வினிகர். "ஏன் பொங்குது?" என்றால் சார் முகத்தைப் பார்க்கிறார்கள். கடையில் வாங்கியது என்று ஒட்டியிருந்த விலைச்சீட்டே சொல்லிற்று. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. போன வருஷம் என் மகளுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடையில் 380 ரூபாய்க்கு சூரியக் குடும்பம் வாங்கிக் கொடுத்த அப்பன் நான். அதற்குப் பரிசு வேறு கொடுத்தார்கள். சல்லடைக்காரிக்கு என்ன செலவாகியிருக்கும்? கடலைக் காசுகூட இருக்காது.

சாப்பாடு. நாராயண்காவ் திரும்பி (ஜீப்பில்தான்!) ஒரு தகரக் கூரை ஹோட்டலில் மாஸ்வடி. பெயரில் மீன், பொருளில் சுத்த சைவம். கடலை மாவுக்குள் கொப்பரை, எள், பூண்டு வைத்துச் சுருட்டி, மீன் துண்டுபோல வெட்டி வைக்கிறார்கள். மேலே எண்ணெய் மிதக்கும் ரஸ்ஸா என்ற குழம்பு, கூட பாக்ரி என்ற கம்பு ரொட்டி, கடித்துக்கொள்ள வெங்காயம். காரம் காதுக்கு ஏறி, மச்சினன் கண்ணில் தண்ணீர். "இன்னொரு பிளேட் சொல்லட்டா மாமா?" என்றான். தட்டு 160. அந்த 450-ல் இரண்டு தட்டு போக மோரும் குடித்திருக்கலாம் என்ற கணக்கு கடைசித் துண்டு வரை தொண்டையில் நின்றது.

திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. மகள் தீக்குச்சிகளால் செய்து வைத்திருந்த சதுரப் பெட்டி ராஜ்குருநகரிலேயே யாரோ ஒருவர் முழங்கை பட்டுச் சப்பையாகிவிட்டது. நான்கு முகமும் முக்கோணமாக இருந்த கூம்பு மட்டும் வீடு வரை வந்தது.

நேற்று சைக்கிள் கடைக்குப் போய் வால்வு டியூப் இரண்டு மீட்டர் கேட்டேன். "எத்தனை சைக்கிள் சார் வச்சிருக்கீங்க?" என்றார்.