புகையில் கறுக்கும் பானை

புகைச்சூட்டுப் பானையின் பளபளப்பு பச்சை மண்ணிலேயே முடிவாகிவிடும். விரல் பதியாமல், ஆனால் நகம் கீறும் பதத்தில் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுங்கள். முழுதாகக் காய்ந்தபின் சூளையில் 900–950 டிகிரி செல்சியஸில் முதல் சூடு. 1000-ஐத் தாண்டினால் மெருகு மங்கும், புகையும் சரியாகப் பிடிக்காது.

பிறகு திறந்தவெளியில், துளையிட்ட தகர டிரம்மில் ஒரு சாண் மரத்தூள், அதன்மேல் பானை, உள்ளேயும் சுற்றிலும் தூள். மேலே காகிதம் போட்டுப் பற்றவைத்து, தூள் கனன்றதும் மூடுங்கள். சுடர் எழுந்தால் பிடித்த கறுப்பும் எரிந்துபோகும். அப்போது சில துளைகளை அடைத்துவிடுங்கள். சன்னத் தூள் அடர்கறுப்பு தரும்; இழைப்புச் சுருள் திட்டுத்திட்டாக (எனக்கு அதுதான் அழகு). பிளைவுட் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம், பசை எரிந்த புகை நஞ்சு. ஆறுமுன் திறந்தால் விரிசல்தான். துடைத்து மெழுகு பூசினாலும் தண்ணீர் கசியும், பூச்சாடிக்கு ஆகாது.