ஸ்டாலுக்குப் பின்பக்கம்

எஸ்.எம்.எஸ். விற்கிற கம்பெனியின் ஸ்டாலில் போய் நிற்பதற்கு 2014 பிப்ரவரியைவிட மோசமான நேரம் அமைந்திருக்க முடியாது. 19-ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. 24-ஆம் தேதி பார்சிலோனாவில், மொபைல் துறையின் பெரிய கண்காட்சியான மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் தொடக்கம். முதல் நாளே மார்க் ஸக்கர்பெர்க் மேடையில் பேசினார். வாட்ஸ்அப்பின் ஜான் கூம் அதே நாளில், குரல் அழைப்பும் வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேர், ‘மெசேஜிங் வருமானத்தைப் பெருக்குங்கள்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். பலகை டிசம்பரிலேயே அச்சுக்குப் போய்விட்டது. யாரைக் குறை சொல்வது?

வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

நான் விற்பனை ஆள் இல்லை, டெஸ்டிங் இன்ஜினியர். டெமோ படுத்துவிட்டால் எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் என்னை அழைத்துப் போயிருந்தார்கள். டெமோ இதுதான்: மேசைமேல் இரண்டு போன்கள். பார்வையாளர் பட்டனைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரண்டே நொடியில் செய்தி போய்ச் சேரும். மேசைத் துணிக்கு அடியில் ஒரு லேப்டாப்பில் ஓடிய சிமுலேட்டர்தான் முழு நெட்வொர்க்கும் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பல்லாயிரம் போன்கள் ஒரே கூரைக்கு அடியில் சிக்னலுக்குத் திணறும் இடத்தில், அசல் நெட்வொர்க்கை நம்பி டெமோ வைக்கிற அளவுக்குத் துணிச்சல்காரர்கள் இந்தத் துறையில் குறைவு.

இரண்டாம் நாள் மதியம் ஒருவர் வந்தார். சிறிய மொபைல் ஆபரேட்டர் ஒன்றில் வேலை. டெமோவைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “சரி, இப்போது என் நம்பருக்கு அனுப்புங்கள்” என்று தன் போனை மேசைமேல் வைத்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். எஸ்.எம்.எஸ்.களை ஆபரேட்டர்களுக்குக் கடத்துகிற கேட்வே ஒன்று சோதனைக்காக ஆபீஸில் இருந்தது, அதன் வழியாக அனுப்பினேன். பத்து நொடி, இருபது நொடி. நான்கு பேரும் அந்த இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மேனேஜர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நாற்பது நொடிக்குப் பிறகு போன் அதிர்ந்தது. அவர் சிரித்துவிட்டார். “பரவாயில்லை, எங்கள் நெட்வொர்க்கில் இதைவிட லேட்டாகும்.”

அதற்குப் பிறகு அவர் கிளம்பவில்லை. ஒவ்வொரு ஸ்டாலுக்குப் பின்பக்கமும் ஓர் அலமாரி அளவில் அறை இருக்கும். கோட்டுகள், காலி அட்டைப்பெட்டிகள், மிச்சமான துண்டறிக்கைக் கட்டுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டு அங்கே வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டு, மேடையில் யாரும் சொல்லாத விஷயத்தைச் சொன்னார். அவர்கள் நெட்வொர்க்கில் ஆளுக்கு ஆள் அனுப்பும் மெசேஜ் சரிந்துகொண்டே போகிறதாம். ஆனால் வங்கியிலிருந்து வருகிற ஓ.டி.பி., விமான நிறுவனத் தகவல், பார்சல் வந்துசேரும் நேரம் இவையெல்லாம் ஏறிக்கொண்டே இருக்கிறதாம். “மனிதன் மனிதனுக்கு அனுப்புவது போகட்டும், அதை வாட்ஸ்அப் எடுத்துக்கொள்ளும். மெஷின் மனிதனுக்கு அனுப்புகிறதே, அதைப் பாருங்கள்.”

திரும்பி வந்ததும் பயண ரிப்போர்ட்டில் இதை எழுதினேன். ‘லீட்’, அதாவது வாங்கக்கூடிய ஆள், என்ற கணக்கில் இதைச் சேர்க்க முடியாது என்று மேனேஜர் அந்தப் பத்தியை அடித்துவிட்டார். அவருக்கு வேண்டியது எத்தனை பேட்ஜ் ஸ்கேன் ஆனது என்ற எண்ணிக்கை. இரண்டு வருடம் கழித்து ஓர் ஆலோசனை நிறுவனம் அதே விஷயத்தை வண்ணப் படங்களோடு சொன்னபோது, கம்பெனியே அந்தப் பக்கம் திரும்பியது. அந்த ஸ்லைடுகளைப் பார்க்கும்போது எனக்கு அட்டைப்பெட்டிதான் ஞாபகம் வந்தது.

கண்காட்சியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். போன வருடம் இருந்தது எது, இந்த வருடம் காணோம் என்று பார்க்க வேண்டும். நான் முதல்முறை போன 2008-இல் எங்கே திரும்பினாலும் வைமேக்ஸ் என்ற வயர்லெஸ் இன்டர்நெட் தொழில்நுட்பம். இன்டெல் பின்னால் நிற்கிறது, இனி இதுதான் உலகம் என்று பேச்சு. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் அதன் போட்டியான எல்.டி.இ.யின், அதாவது 4ஜி-யின், முதல் சேவை வணிகரீதியாகத் தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் வைமேக்ஸ் என்ற சொல் பலகைகளிலிருந்து மெல்ல மறைந்தது. யாரும் மரண அறிவிப்பு வெளியிடவில்லை. அதே ஆட்கள், அதே பெட்டி, முன்பக்க ஸ்டிக்கர் மட்டும் வேறு.

கம்பெனிகளும் அப்படித்தான். 1895-இல் தொடங்கிய கனடாவின் நெட்வொர்க் கருவிக் கம்பெனி நார்டெல் 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அல்காடெல்லும் லூசென்டும் 2006-இல் ஒன்றாகி, 2016-இல் இரண்டும் சேர்ந்து நோக்கியாவுக்குள் போயின. நான் வேலைக்குச் சேர்ந்தபோது போட்டியாளர் பட்டியல் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. இப்போது சொல்வதற்கு விரல்விட்டு எண்ணினால் போதும்.

லிங்க்ட்இன் 2003-லேயே வந்துவிட்டாலும் நான் அதில் சேர்ந்தது வெகு தாமதம். சேர்ந்த புதிதில் எனக்கு அது விசிட்டிங் கார்டு போட்டுவைக்கிற டப்பா, அவ்வளவுதான். கண்காட்சி முடிந்ததும் கார்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அழைப்பு அனுப்புவேன். பாதிப்பேருக்கு நான் யார் என்றே தெரிந்திருக்காது, எனக்கும் அவர்கள் முகம் மறந்திருக்கும். அந்தத் தொடர்புகளால் ஒரு பிரயோஜனமும் ஏற்பட்டதாக நினைவில்லை.

அது ஒரு மூடிய டப்பா இல்லை என்று எனக்குப் புரியவைத்தது ஒரு மேற்கோள் குறி. ஒரு வாடிக்கையாளரின் பில் ஒரே மாதத்தில் மூன்று மடங்கானது. எங்கள் கேட்வேயில்தான் கோளாறு என்று அவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மூன்று நாள் லாகுகளை, அதாவது கேட்வே எழுதிவைக்கும் பதிவுகளை, துருவினேன். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் இருப்பது 140 பைட் இடம். ஆங்கில எழுத்துகளை 7 பிட்டாக அடுக்கினால் 160 எழுத்து பிடிக்கும். அந்த 7 பிட் பட்டியலில் இல்லாத ஒரே ஒரு குறி உள்ளே வந்தாலும் மொத்தச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, அளவு 70-ஆகச் சுருங்கிவிடும். செய்தி நீளமாக இருந்து துண்டாக்கப்பட்டால் ஒரு துண்டுக்கு 67 தான். வாடிக்கையாளரின் விளம்பரப் பிரிவில் யாரோ செய்தியை வேர்டில் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறார்கள். வேர்டு தன் பழக்கப்படி நேரான மேற்கோள் குறியை வளைத்துவிட்டது. அந்த வளைந்த குறி பட்டியலில் இல்லை. 150 எழுத்துச் செய்தி மூன்று துண்டானது, பில்லும் மூன்றானது.

தமிழில் செய்தி அனுப்புகிறவர்களுக்கு இது பழகிய வலி. ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து, ஏனென்றால் மி-யின் கொக்கியும் ழ்-இன் புள்ளியும் தனித்தனி. எழுபதில் ஐந்து அப்படிப் போய்விடும்.

எரிச்சலில் அன்று இரவே இந்தக் கதையை லிங்க்ட்இனில் எழுதினேன். வாடிக்கையாளர் பெயர் இல்லை, கம்பெனி புகழ் இல்லை, படம்கூட இல்லை. அதுவரை நான் போட்ட ‘எங்கள் ஸ்டாலுக்கு வருகை தாருங்கள்’ வகையறாவை என் மேனேஜரைத் தவிர யாரும் சீண்டியதில்லை. இதற்கு முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் வந்து, தங்களையும் ஒரு நீண்ட கோடு, ஒரு யூரோ குறி, கண்ணுக்கே தெரியாத ஓர் இடைவெளி எப்படிக் கவிழ்த்தது என்று எழுதினார்கள். (யூரோ குறி கதை இன்னும் விசித்திரமானது. அது பட்டியலில் உண்டு, ஆனால் இரண்டு எழுத்து இடத்தை எடுத்துக்கொள்ளும்.) தனியாக ஒரு செய்தியும் வந்தது. போட்டிக் கம்பெனியில் இருந்த ஒரு பெண் இன்ஜினியர். “டெலிவரி ரசீதில் வரும் பிழைக் குறியீடுகளுக்கு உங்களிடம் பட்டியல் உண்டா? ஒவ்வொரு ஆபரேட்டரும் ஒவ்வொன்று அனுப்புகிறார்கள்” என்று கேட்டிருந்தார். எங்களிடமும் இல்லை. இரண்டு பேரும் ரகசியம் எதையும் மீறாமல், கையேடுகளில் வெளிப்படையாக இருப்பதையும் தலைவலிப்பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து ஒரு பட்டியல் போட ஆரம்பித்தோம். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு அடுத்த வேலை கிடைத்ததும் அவர் மூலமாகத்தான், அப்புறம் வந்த ஆட்குறைப்பின்போது. ஸ்கேன் செய்த எந்தப் பேட்ஜும் அன்று உதவிக்கு வரவில்லை.

இப்போது லிங்க்ட்இனிலும் பலகைகள் வந்துவிட்டன. கழுத்துப்பட்டையோடு அரங்கத்தின் வாசலில் செல்ஃபி, ‘பகிர்வதில் பெருமகிழ்ச்சி’ என்று தொடங்கும் பத்தி, கடைசியில் ஏழெட்டு ஹேஷ்டேக். பலகை பலகைதான், கார்டுபோர்டில் இருந்தால் என்ன, திரையில் இருந்தால் என்ன. நானும் யோக்கியன் இல்லை. என் பெயருக்குக் கீழே உள்ள ஒற்றை வரியை எத்தனை முறை மாற்றியிருக்கிறேன் என்று ஒருநாள் எண்ணிப்பார்த்தேன். எஸ்.எம்.எஸ். சென்டர் நிபுணர். பிறகு மெசேஜிங். நெட்வொர்க் கருவிகளின் வேலையைச் சாதாரண சர்வரில் ஓடும் மென்பொருளாக்குகிற என்.எஃப்.வி. பற்றி 2012-இல் ஆபரேட்டர்கள் வெள்ளை அறிக்கை வெளியிட்ட கொஞ்ச காலத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது. பிறகு கிளவுட். போன வருடம் ஏ.ஐ. என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அன்பான ஆலோசனை. காலையில் உட்கார்ந்து நான் திறப்பது அன்றும் இன்றும் அதே லாக் ஃபைல்தான்.

ஆனால் மற்றவர்களின் அந்த வரியைக் கவனிப்பதில் லாபம் உண்டு. ஒரு கம்பெனி ஒரு தயாரிப்பைக் கைவிடப்போகிறது என்பது அதன் செய்திக்குறிப்பில் கடைசியாகத்தான் வரும். அந்தக் குழுவின் சீனியர்கள் நான்கு பேர் ஒரே மாதத்தில் தங்கள் வரியைத் திருத்தினால் எனக்குப் போதும். ஆள் தேவை விளம்பரங்களும் அப்படி. மேடையில் ஓப்பன் ரான் (மொபைல் கோபுரக் கருவிகளைப் பல கம்பெனிகளிடமிருந்து வாங்கிச் சேர்க்கவிடும் முறை) என்று முழங்குகிற கம்பெனி, அதற்கு எத்தனை டெஸ்டிங் ஆட்களைத் தேடுகிறது என்று பார்ப்பேன். டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்காதவர்கள் எதையும் விற்கப்போவதில்லை. இது என் தொழில் கர்வமாகவும் இருக்கலாம்.

2020-இல் பார்சிலோனாவே இல்லாமல் போனது. பிப்ரவரி 12 அன்று, தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ரத்து. எங்கள் பலகைகளும் பேனாக்களும் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தன. அதன்பின் வந்த இணையக் கண்காட்சிகளில் நான் ஒரு மெய்நிகர் ஸ்டாலில் இரண்டு நாள் ‘நின்றேன்’. மவுஸால் நடந்து வரலாம், துண்டறிக்கையை டவுன்லோடு செய்யலாம், எல்லாம் இருந்தது. பின்பக்க அறை மட்டும் இல்லை. இரண்டு நாளில் வந்தவர்கள் ஐந்து பேர், அதில் மூவர் எங்கள் கம்பெனி ஆட்கள்.

2023 வேடிக்கையான வருடம். எஸ்.எம்.எஸ்.ஸின் 160-இல் பெயருக்கு 20 ஒதுக்கிவிட்டு 140 எழுத்தில் பிறந்தது ட்விட்டர். அந்தப் பிள்ளை, கட்டணம் செலுத்தாதவர்களுக்கு எஸ்.எம்.எஸ். வழிச் சரிபார்ப்பை அந்த மார்ச்சோடு நிறுத்தப்போவதாக பிப்ரவரியில் அறிவித்தது. அதே மாதம் பார்சிலோனாவில் மொபைல் ஆபரேட்டர்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. ‘ஓப்பன் கேட்வே’ என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. 21 ஆபரேட்டர்கள் சேர்ந்து, தங்கள் நெட்வொர்க்கின் வசதிகளைப் பொதுவான ஏ.பி.ஐ.களாக (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டுப் பெறும் வழிகளாக) ஆப் எழுதுகிறவர்களுக்குத் திறந்துவிடுவார்களாம்.

எனக்குக் கொட்டாவி வந்தது. 2010-இல் இதே கண்காட்சியில் 24 ஆபரேட்டர்கள் வாக் என்ற பெயரில் கூட்டணி அறிவித்ததைப் பார்த்தவன் நான். ஆப் எழுதுகிறவர்களுக்கு ஆபரேட்டர்கள் கதவைத் திறப்பார்கள் என்றுதான் அன்றும் சொன்னார்கள். 2012-இல் அது முடிந்துபோனது. பலகையைப் போட்டோ எடுத்து, அந்தப் பிழைக் குறியீட்டுத் தோழிக்கு அனுப்பினேன். “2010 ஞாபகம் இருக்கிறதா?”

அவர் அப்போது வேறு அரங்கத்தில் எங்கோ இருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “இருக்கிறது. ஆனால் சிம் மாறியதைச் சொல்லும் ஏ.பி.ஐ. நிஜமாகவே வேலை செய்கிறது. கடைசியாக எப்போது சிம் மாறியது என்று வங்கி முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம் ஓ.டி.பி.யை நம்பலாம். நானே சோதித்துவிட்டேன், சிமுலேட்டர் இல்லை.”

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. “பிழைக் குறியீடுதான் ஆளுக்கு ஒன்றாக வருகிறது. நம் பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன், பாருங்கள். எங்கள் ஸ்டாலுக்குப் பின்பக்கம் ஒரு நாற்காலிகூட இருக்கிறது.”